ஒரு வருஷமா 34 மீட்டர்லயே நிக்குது, டிஸ்கஸ விட்டுடலாமா?

கேள்வி: பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, டிஸ்கஸ் (தட்டு எறியிற விளையாட்டு) போடுறா. ஒரு வருஷமா 34 மீட்டரத் தாண்டல. சொந்தக்காரங்க படிப்ப மட்டும் பாக்கச் சொல்றாங்க, ஜிம்ல யாரோ பயிற்சிக்கு முன்னாடி குடிக்கிற ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் குடிச்சா தூரம் ஏறும்னு சொல்லியிருக்காங்க. என்ன செய்யட்டும்?

பதில்: நிறுத்திடாதீங்கம்மா. 16 வயசுல ஒரு வருஷம் தேங்கி நிக்கிறதெல்லாம் இதுல சகஜம், தட்டு எறியிறவங்களுக்கு உடம்பும் டெக்னிக்கும் சேந்து வர்றதுக்கே இருபது தாண்டிடும். குரோஷியாவோட சாண்ட்ரா பெர்கோவிச்சயே எடுத்துக்கோங்க, 2012 லண்டன், 2016 ரியோன்னு ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க, ஆனா அவங்களோட பெஸ்ட் த்ரோ 71.41 மீட்டர் வந்தது அதுக்கெல்லாம் அப்புறம் 2017ல, 27 வயசுல. டோக்கியோல நாலாவது இடத்தோட மெடல் கைநழுவிப் போச்சு, அப்பவும் விடல, 2024 பாரிஸ்ல 34 வயசுல வெண்கலம். நம்ம நாட்டு கிருஷ்ணா பூனியா 2010 டெல்லி காமன்வெல்த்ல 61.51 போட்டு தங்கம் வாங்கினப்ப அவங்க ஒரு பையனுக்கு அம்மா.

இப்ப 34 மீட்டர் விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி நிக்கிறப்ப பெரும்பாலும் கையில பலம் இல்லாம இருக்காது, கால்லதான் கோளாறு. வலது கைக்காரின்னு வெச்சுக்கிட்டு சொல்றேன், தட்டு எறியிற சர்க்கிளுக்கு நடுவுல சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டு பின்னாடி நின்னு போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. சுத்தி வர்றப்ப வலது கால் அந்தக் கோட்டுக்கிட்ட முன்பாதத்துல இறங்கி, இறங்கின பிறகும் சுத்திக்கிட்டே இருக்கணும். குதிகால் தரையில உக்காந்துடுச்சுன்னா இடுப்பு நின்னுடும், கை மட்டும் தனியா இழுக்கும், தட்டு காத்துல ஆடிக்கிட்டே போய் பொத்துனு விழும். நான் பாத்த பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதுதான். கொஞ்ச நாளைக்கு போடுற த்ரோவுல பாதிய சுத்தாம நின்ன இடத்துலேருந்தே போடச் சொல்லுங்க, தூரத்த அளக்கவே வேணாம்.

ஃபவுல் ஆச்சுன்னு அழுதா ரியோ ஃபைனலப் பத்திச் சொல்லுங்க. பெர்கோவிச்சுக்கு முதல் ரெண்டும் ஃபவுல், மூணாவதும் போயிருந்தா அங்கேயே வெளிய போயிருப்பாங்க, அந்த ஒரே த்ரோ 69.21 போய் தங்கமாச்சு.

பவுடர் மட்டும் வேணவே வேணாம்மா, கெஞ்சிக் கேக்குறேன். இதே பெர்கோவிச் ஐரோப்பிய சாம்பியனா இருந்தப்ப 2011ல ஒரு சப்ளிமெண்ட்ல இருந்த மெத்தில்ஹெக்சனமின்ங்கிற ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டி ஆறு மாசம் தடை, அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்பே போச்சு. அவங்களுக்கே அந்த கதின்னா ஜிம்ல யாரோ குடுக்குற டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? முட்டை, கொண்டைக்கடலை, பருப்பு, நல்ல தூக்கம், இந்த வயசுக்கு இது தாராளம். சளி இருமலுக்கு மாத்திரை வாங்குறப்பகூட பொண்ணு போட்டிக்குப் போறவன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாங்குங்க.

வீடியோ எடுத்ததும் அந்தக் குதிகால் எங்க உக்காருதுன்னு பாத்து எழுதுங்க, அடுத்து என்ன மாத்தணும்னு அத வெச்சுச் சொல்றேன்.