ஈ உறங்குகிறதா, சும்மா நிற்கிறதா?

கேள்வி: முதுநிலை விலங்கியல் ஆய்வுக்காகப் பழ ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் பதிவு செய்து வருகிறேன். மரபணு மாற்றம் உள்ள ஈக்கள், சாதாரண ஈக்களைவிட நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கூடுதலாக உறங்குவதாகக் கணக்கு வருகிறது. இதை அப்படியே முடிவாக எழுதிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கருவி உறக்கத்தை அளக்கவில்லை. குழாயின் நடுவில் பாயும் கதிரை ஈ எத்தனை முறை கடந்தது என்பதை எண்ணுகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கடக்காவிட்டால் உறக்கம் என்பது நாம் வகுத்துக்கொண்ட விதி.

ஆதாரமில்லாத விதி அல்ல. அசையாமல் கிடக்கும் ஈயை எழுப்பக் கூடுதல் தூண்டல் தேவை என்பதையும், உறங்கவிடாமல் தடுத்தால் அது பிறகு ஈடுகட்டும் என்பதையும் 2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஆனால் அவை காட்டியது இயல்பான ஈக்களில். உங்கள் ஈக்களுக்கும் அது பொருந்துகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில், கையில் உள்ள பதிவிலிருந்தே ஒரு கணக்குப் போடுங்கள்: விழித்திருக்கும் நிமிடமொன்றுக்குச் சராசரியாக எத்தனை முறை கதிரைக் கடக்கிறது? இது இரு வகை ஈக்களிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்ல அறிகுறி. மாற்றமுற்ற ஈக்களில் வெகுவாகக் குறைந்தால், அவை நடக்கத் தெம்பில்லாதவையாக இருக்கலாம். உணவு முனையிலேயே நின்று தின்றுகொண்டும், முன்கால்களைத் தேய்த்துத் தலையைத் துடைத்துக்கொண்டும் பத்து நிமிடம் கழிக்கும் ஈயும் கருவிக்கு உறங்கும் ஈதான். சில குழாய்களையாவது வீடியோவில் பதிவு செய்து பாருங்கள்.

அடுத்து, நள்ளிரவில் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே அளவான மெல்லிய அதிர்வு கொடுங்கள். ஏற்கெனவே ஐந்து நிமிடம் அசையாதிருந்தவற்றில் எத்தனை எழுந்து நடந்தன? மாற்றமுற்றவை சட்டென எழுந்துகொண்டால் உங்கள் 'உறக்கம்' ஆட்டம் காண்கிறது. பிறகு ஓர் இரவு முழுவதும் இடைவெளி மாற்றி மாற்றிக் குலுக்கி விழித்திருக்கச் செய்யுங்கள். ஈடுகட்டும் உறக்கத்தை மறுநாள் காலை விளக்கு எரிந்த முதல் சில மணி நேரத்தில் தேடுங்கள்.

பலர் சறுக்குவது மரபுப் பின்னணியில், அதாவது நாம் ஆராயும் மரபணு தவிர ஈயிடம் உள்ள மற்ற மரபணுக்களில். நரம்புகளின் மின்சைகையைக் கட்டுப்படுத்த உதவும் 'ஷேக்கர்' என்ற மரபணு பழுதான ஒரு வகை ஈ, இயல்பான உறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உறங்குகிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். அதே மரபணு பழுதான வேறு வகைகளிலோ, பின்னணியில் இருந்த மற்ற மரபணுக்கள் இந்த விளைவை மறைத்திருந்தன. அவற்றை நீக்கிய பிறகே அந்த ஈக்களும் குறைவாக உறங்கின. ஆகவே, ஒப்பிடப் பயன்படும் ஈக்களோடு ஐந்தாறு தலைமுறையாவது கலப்பு செய்யாமல் எந்த வித்தியாசத்தையும் நம்ப மாட்டேன்.

பாலும் வயதும் ஒன்றாக இருக்கட்டும். ஆண் ஈ நண்பகலில் நன்றாகத் தூங்கும். இணைசேர்ந்த பெண் பகலில் குறைவாகவே தூங்கும். இரண்டையும் கலந்தால் சராசரிக்குப் பொருளில்லை. மயக்க வாயுவும் புதுக் குழாயும் ஈயைக் குழப்புவதால் முதல் நாள் பதிவை ஒதுக்கிவிடுங்கள்.

இத்தனையும் தேறும்வரை 'அசைவற்ற நேரம் கூடியிருக்கிறது' என்று மட்டும் எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். செத்த ஈ இருபத்துநான்கு மணி நேரமும் உறங்குவதாகவே கருவி சொல்லும்.