சம்பளத்தில் பிடிக்கும் நன்கொடைக்குக் கிஃப்ட் எய்ட் உண்டா?

கேள்வி: லண்டனில் பதிவுபெற்ற சிறிய அறக்கட்டளை ஒன்றின் பொருளாளர் நான். மாதாமாதம் ஸ்டாண்டிங் ஆர்டரில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகை) 10 பவுண்ட் தருகிறவர்களில் சிலர், "இனி சம்பளத்திலேயே பிடித்து அனுப்பச் சொல்லிவிடுகிறோம்" என்கிறார்கள். அதற்கும் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்குக் கொடுப்பவர் கட்டிய வரியை அறக்கட்டளை அரசிடமிருந்து பெறும் சலுகை) கேட்கலாமா? இதை எப்படித் தொடங்குவது?

பதில்: கேட்க முடியாது. பே ரோல் கிவிங்கில், அதாவது சம்பளத்தில் பிடித்து அனுப்பும் இந்த முறையில், வருமான வரி கணக்கிடும் முன்பே நன்கொடையைக் கழித்துவிடுகிறார்கள். வரிச் சலுகை அப்போதே கொடுப்பவருக்குப் போய்விடுவதால், நீங்கள் கோர மிச்சம் எதுவும் இல்லை. (நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுத் தொகையை மட்டும் முழுச் சம்பளத்துக்கும் பிடிப்பார்கள்.)

ஆகவே தொகையை மாற்றச் சொல்லுங்கள். இன்று ஒருவர் தரும் 10 பவுண்டுக்குக் கிஃப்ட் எய்ட் சேர்ந்து உங்களுக்கு 12.50 கிடைக்கிறது. அவரே சம்பளப் படிவத்திலும் 10 என்று எழுதினால், மாதம் 2.50 உங்களுக்கு நஷ்டம். 12.50 என்று எழுதச் சொல்லுங்கள். 20 சதவீத வரி கட்டுபவருக்குக் கையிலிருந்து போவது அதே 10 பவுண்ட்தான். 40 சதவீத வரி கட்டுபவருக்கு 7.50 போதும். கிஃப்ட் எய்டில் அந்தக் கூடுதல் சலுகையை அவரே வரித்துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை. இங்கே அது தானாகக் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தில் வரி விகிதங்கள் வேறு என்பதால் கணக்கும் மாறும்.

தொடங்குவது உங்கள் கையில் இல்லை, நன்கொடையாளரின் முதலாளி கையில். அந்த நிறுவனம், பணத்தை வாங்கி அறக்கட்டளைகளுக்கு அனுப்பும், வரித்துறை அங்கீகரித்த ஏஜென்சி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று நன்கொடையாளரே சம்பளம் கணக்கிடும் பே ரோல் பிரிவில் கேட்கட்டும். இல்லையென்றால் அவரை ஸ்டாண்டிங் ஆர்டரிலேயே விட்டுவிடுங்கள். பத்து பவுண்டுக்காக ஒரு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. சுயதொழில் செய்பவர்களுக்கும் இந்த வழி கிடையாது. ஆனால் பி.ஏ.ஒய்.ஈ. முறையில் (பணம் தரும்போதே வரியைப் பிடிக்கும் முறை) வரி பிடித்து ஓய்வூதியம் தரும் நிறுவனம் இத்திட்டத்தை நடத்தினால், ஓய்வுபெற்றவர்களும் சேரலாம்.

உங்கள் பங்கு, ஏஜென்சியிடம் வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிந்து வைப்பது. நன்கொடையாளர் நிரப்பும் படிவத்தில் அறக்கட்டளையின் பெயரோடு பதிவு எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள அறக்கட்டளைகள் ஏராளம், பணம் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் மீட்பது பெரும்பாடு. முதலாளி, வரி மாதம் (5ஆம் தேதி) முடிந்த 14 நாளுக்குள், அதாவது 19ஆம் தேதிக்குள், ஏஜென்சிக்குப் பணத்தை அனுப்ப வேண்டும். ஏஜென்சி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு உங்களுக்கு அனுப்பும் (சில நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும்). ஆகவே முதல் தொகை வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அது வந்து சேரும்வரை பழைய ஸ்டாண்டிங் ஆர்டரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

ஆள் சேர்ப்பதைவிட, சேர்ந்தவரைத் தக்கவைப்பதுதான் கடினம். வேலை மாறினால் பிடித்தமும் அதோடு நின்றுவிடும், புது இடத்துக்குத் தொடராது. நீண்ட விடுப்பில் போனாலோ, நிறுவனம் பே ரோல் மென்பொருளையோ ஏஜென்சியையோ மாற்றினாலோ கூட விட்டுப்போகும். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. உங்களுக்குத் துப்புக் கிடைக்கும் ஒரே இடம் ஏஜென்சியின் மாதாந்திரப் பட்டியல். அதிலும் பெயர் சொல்ல விரும்பாதவர் வரிசையில் தொகை மட்டும்தான் இருக்கும்: 12.50, பக்கத்தில் வெற்றிடம். பெயரைத் தெரிவிக்கச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் போடும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள். பட்டியலை மாதாமாதம் முந்தையதோடு ஒப்பிட்டு, ஒரு வரிசை காணாமல் போனால் அந்த வாரமே அவரிடம் பேசுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

உறுப்பினர் சந்தா, விழா டிக்கெட் போன்றவற்றை இந்த வழியில் வாங்காதீர்கள். அவை நன்கொடை ஆகாது.

கடைசியாக, ஊழியர் தருவதற்கு ஈடாக முதலாளியும் தரும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. பல இடங்களில் அதற்குத் தனி விண்ணப்பமும் ஆண்டு உச்சவரம்பும் இருக்கும், ஊழியர் கேட்காமல் வராது. படிவத்தை நிரப்பும் அன்றே அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.