கெட்ட நீர் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மாமியாருக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. வயிற்றைக் கிழித்துக் கர்ப்பப்பை எடுத்து 9 நாள் ஆகிறது. நேற்று தையலில் இருந்து நீர் கசிந்து சேலை நனைந்துவிட்டது. ‘கெட்ட நீர்தானே, போகட்டும்’ என்கிறார்கள் வீட்டில். மஞ்சள் அரைத்துப் பூசலாமா? முட்டை, கத்திரிக்காய் கொடுத்தால் சீழ் பிடிக்குமா?
– ஒரு மருமகள், உசிலம்பட்டி

பதில்: தங்கச்சி, கடிதத்தைப் படித்ததுமே அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, ஆபரேஷன் செய்த இடத்துக்கு அன்றைக்கே கூட்டிப்போகச் சொன்னேன். நீங்களும் போனீர்கள். தோலில் நான்கு தையலைப் பிரித்துச் சீழை எடுத்துவிட்டு, புண்ணை மூடாமலே அனுப்பிவிட்டார்கள் என்று மறுநாள் அழுதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதல் இரண்டு மூன்று நாள் கட்டுத்துணியில் லேசான சிவப்புக் கறை இருப்பது சாதாரணம். தோலுக்கு அடியில் நீர் தங்கி, வெளிர் மஞ்சளாகக் கசிவதும் உண்டு. அதை டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கெட்டியாக, நாற்றத்தோடு வந்து, சுற்றிலும் சிவந்து சுட்டு, காய்ச்சலும் அடித்தால் அது சீழ். அன்றைக்கே போக வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் இன்னொன்றில்தான். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, இருமும்போதோ எழும்போதோ இளஞ்சிவப்பு நீர் திடீரென்று கொட்டினால், உள்ளே தசையை மூடிய தையல் விட்டிருக்கலாம். உடனே படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, சுத்தமான ஈரத்துணியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். குடல் தெரிந்தாலும் உள்ளே தள்ளக் கூடாது. விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பெரியம்மாக்கள் கசிவைச் சேலை மடிப்பில் மறைத்துவிடுவார்கள். நீங்கள் பார்த்துக் கேட்டது நல்ல காரியம்.

சரி, ஏன் மூடவில்லை? சீழ் இருந்த இடத்தை மேலே தைத்துவிட்டால் அடியில் மறுபடியும் சேரும். திறந்து விட்டால், கிணறு தூர்வது போல அடியிலிருந்து மேலே சதை வளர்ந்து வரும். சிவப்பாக, பொடிப்பொடியாக, தொட்டால் லேசாக ரத்தம் கசிவதாகத் தெரிந்தால் அதுதான் ஆறுகிற சதை. இதற்குப் பல வாரம் பிடிக்கும். தினமும் கட்டு மாற்ற மதுரைக்கு அலைய முடியாவிட்டால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மஞ்சள், வேப்பிலை, கடையில் வாங்கும் பவுடர் எதுவும் வேண்டாம். நுரைக்கிற மருந்தை நீங்களாக ஊற்றினால் புதுச் சதையும் சேர்ந்து கெடும்.

முட்டையால் சீழ் பிடிக்காது, கத்திரிக்காயாலும் பிடிக்காது. கிருமியால்தான் பிடிக்கும், சர்க்கரை ஏறிக் கிடந்தால் அது கொண்டாட்டமாக வளரும். பத்தியம் என்று கஞ்சியும் ரொட்டியுமே கொடுத்தால் சர்க்கரையும் ஏறும், சதை வளரப் புரதமும் இருக்காது. முட்டை, பருப்பு, சுண்டல், அயிரை மீன் குழம்பு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ ஒருவேளைகூட விடக் கூடாது.

இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வராமல் பாருங்கள். குறைந்தது ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. புண் திறந்திருப்பதால், அதற்குப் பிறகும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் தூக்கலாம்.