சிலிக்கான் உயிரின் வேகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறிவியல் புனைகதை நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சனியின் நிலவான டைட்டனில் சிலிக்கானால் ஆன உயிரினத்தை மனிதர்கள் சந்திக்கிறார்கள். ஐந்து அத்தியாயம் முடிந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் இரு தரப்பும் பேசத் தொடங்குகின்றன. வாசித்த நண்பர், “மனிதனுக்கே கல்லில் சட்டை தைத்துப் போட்டதுபோல இருக்கிறது” என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் எங்கே பிசகியது என்று பிடிபடவில்லை. கார்பன் சாராத உயிர்களை நன்றாகக் கையாண்ட நாவல்கள் எவை? அவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னது வேற்றுகிரக நாவல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். உடலை எந்தப் பொருளால் செய்வது என்று யோசிக்கிறோம். அந்தப் பொருள் எந்த வேகத்தில் இயங்கும் என்று யோசிப்பதில்லை. சிலிக்கான் உயிர் மனித வேகத்தில் நடக்கிறது, கேட்டதும் பதில் சொல்கிறது. அந்த இடத்திலேயே அது மனிதனாகிவிடுகிறது.

தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பதால்தான் எல்லோரும் சிலிக்கானை எடுக்கிறார்கள். கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். சிலிக்கான்–சிலிக்கானுக்கு 220 அளவே போதும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்போ 450. எனவே பக்கத்தில் ஆக்சிஜனோ தண்ணீரோ இருந்தால் சிலிக்கான் சங்கிலி தாங்காது, சிலிக்கான் டை ஆக்சைடு எனும் சிலிக்காவாகிவிடும். நம் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. சிலிக்கான் டை ஆக்சைடு என்பது மணல், உருகவே 1,700 டிகிரி வேண்டும். ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிலிக்கான் உயிர் ஒவ்வொரு மூச்சிலும் மணலை வெளியே தள்ளியாக வேண்டும்.

டைட்டனைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அங்கே காற்றில் ஆக்சிஜன் இல்லை. தண்ணீர் இறுகிக் கிடக்கிறது, ஏரிகளில் திரவ மீத்தேன். ஆனால் குளிர் மைனஸ் 180 டிகிரி. 10 டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் பாதியாகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 180 வரை இருபது முறை பாதியாக்க வேண்டும். மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நமக்கு ஒரு நொடியில் எழும் எண்ணம் அதற்கு எழ பதினொன்றரை நாள் ஆகும். இது தோராயம்தான். கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) மிகக் குறைந்த வினைகள் இவ்வளவு மந்தமாகாது. அப்படியொரு வினையை உங்கள் உயிருக்குக் கொடுத்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதை நாவலுக்குள் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்று நொடி யோசித்துச் சொல்லும் பதில் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேலாகும். உங்கள் மூன்றாம் அத்தியாயம் பிசகுவது இங்கேதான்.

இதே பத்து லட்சத்தை எதிர்த்திசையில் திருப்பியவர் ராபர்ட் ஃபார்வர்ட் என்ற இயற்பியலாளர். 1980இல் வந்த ‘டிராகன்ஸ் எக்’ நாவலில் சீலா என்ற உயிர்கள் நியூட்ரான் நட்சத்திரத்தின், அதாவது வெடித்த பெரிய விண்மீன் ஒன்றின் மிக இறுகிய எச்சத்தின், மேற்பரப்பில் வாழ்கின்றன. எள்ளளவு உடல். ஈர்ப்பு விசை பூமியைவிட 6,700 கோடி மடங்கு. அந்த அழுத்தத்தில் நாம் அறிந்த வேதியியலுக்கு இடமில்லை, உடல் அணுக்கரு வினைகளால் இயங்குகிறது. அவை பத்து லட்சம் மடங்கு வேகமானவை என்பதால் வாழ்க்கையும் அந்த வேகத்தில் ஓடுகிறது. 60 ஆண்டு ஆயுள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மனிதர்கள் ஒரு வாக்கியத்தை அனுப்பி முடிப்பதற்குள் அங்கே மாதங்கள் கழிகின்றன. தொடர்பு ஏற்பட்டு ஏறத்தாழ ஒரே நாளில் மாணவர்களான சீலாக்கள் ஆசிரியர்களான மனிதர்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. மனிதப் பாத்திரங்களில் உயிர் குறைவு, நடையும் சுமார்தான். ஆனால் கதையின் திருப்பங்கள் அந்த ஒற்றை எண்ணிலிருந்து எப்படிக் கிளைக்கின்றன என்று பாருங்கள்.

நாவலாக இதைவிட மேலானது ஸ்டானிஸ்லாவ் லெம் 1964இல் போலிஷ் மொழியில் எழுதிய ‘இன்வின்சிபிள்’. ரெகிஸ் 3 என்ற கோளில் காணாமல்போன கப்பலைத் தேடி இன்னொரு கப்பல் வருகிறது. பழைய கப்பலின் குளியலறையில் சோப்புக் கட்டிகள் கிடக்கின்றன. அவற்றில் மனிதப் பல் பதிந்த தடம். உணவுக் கிடங்கு நிறைந்திருக்க, ஆட்கள் பட்டினியில் செத்திருக்கிறார்கள். காரணம் பிறகுதான் தெரிகிறது. எப்போதோ வேறொரு இனம் விட்டுச்சென்ற இயந்திரங்கள் அந்தக் கோளில் பரிணமித்திருக்கின்றன. அதிக ஆற்றல் தேவைப்பட்ட, அறிவுள்ள பெரிய இயந்திரங்கள் போட்டியில் அழிந்தன. ஈயளவு உலோகத் துணுக்குகள் எஞ்சின. தனித்தனியே அவற்றால் ஒன்றும் ஆகாது. அச்சுறுத்தல் வந்தால் மேகமாகத் திரண்டு, காந்தப்புலத்தால் மனித மூளையின் நினைவைத் துடைத்துவிடுகின்றன. எது உணவு, எது சோப்பு என்பதும் அதோடு போயிற்று. அந்த மேகத்துக்குப் பகையில்லை, திட்டமில்லை, பேசவும் ஆளில்லை. வேற்றுயிர் என்றால் அறிவு இருந்தே தீரும் என்ற நம் எதிர்பார்ப்பை லெம் அடியோடு எடுத்துவிடுகிறார். பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குங்கள். 1973இல் வந்தது ஜெர்மன் வழியாக வந்தது.

வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் எழுதிய ‘தி பிளாக் கிளவுட்’ (1957) நாவலைத் தொடக்கப் பகுதிக்காகவே படிக்கலாம். அதில் சூரியனை நோக்கி வரும் மேகமே வேற்றுயிர். அது எப்போது வந்துசேரும் என்று கணக்கிட அதன் தூரமோ வேகமோ தெரிய வேண்டியதில்லை. வானில் தெரியும் அளவை, அது பெரிதாகும் வீதத்தால் வகுத்தால் போதும். மாதம் 5 சதவீதம் பெரிதானால் ஏறத்தாழ 20 மாதம். கரும்பலகையில் போடும் அந்தச் சின்ன வகுத்தல் பக்கம் பக்கமான வருணனையைவிடப் பயமுறுத்துகிறது.

உங்கள் ஐந்து அத்தியாயங்களையும் தூக்கிப்போட வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்து உரையாடலை மட்டும் எடுத்துவிட்டு, டைட்டனில் மனிதர்கள் 50 ஆண்டு நிலையம் போட்டுத் தங்குவதாக மாற்றிப் பாருங்கள். கேள்வியைக் கேட்டவர் ஒருவர், பதிலை வாங்குபவர் அவருடைய பேத்தியாக இருக்கலாம். அந்த 50 ஆண்டும் உங்கள் உயிருக்கு 26 நிமிடம். அதற்குள் அது எதைக் கவனிக்கும், எவ்வளவு சொல்லி முடிக்கும் என்பதை முதலில் குறித்து வைத்துக்கொண்டு ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.