துணிக்கலை நினைவைச் சொல்லுமா? கண்ணுக்குத் தெரியாத இயற்கையைக் காட்டுமா?

"நினைவையும் கண்ணுக்குத் தெரியாத இயற்கைச் சக்திகளையும் துணியால் வெளிப்படுத்த முடியும் என்கிறார்களே, அது உண்மையா, வெறும் கண்காட்சிப் பேச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் யாரோ விட்டுப்போன துணி ஒன்று கிடக்கிறது, தூக்கிப் போட மனமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் வேன் ஓட்டினார். அவர் போனபின் நீலப் பருத்திச் சட்டைகள் ஏழு மிஞ்சின. தரையில் வரிசையாக விரித்தபோதுதான் கவனித்தேன். ஏழிலும் வலது கை மட்டும் வெளிறியிருந்தது. அது ஜன்னல் பக்கத்துக் கை. வலது தோளிலிருந்து மார்பின் குறுக்காக ஒரு பட்டை மட்டும் புதுத்துணி போல அடர்நீலமாக இருந்தது. சீட் பெல்ட் மறைத்த இடம் அது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறுகளை உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெல்ட்டுக்கு அடியில் மட்டும் அதன் கை எட்டவில்லை. அப்பா சாலையில் இருந்த பகல்களையெல்லாம் வெயிலே எழுதிவைத்துவிட்டது. என் வேலை வலது பாதிகளை வெட்டி, வெளிறல் கூடும் வரிசையில் கையால் தைத்துச் சேர்த்தது மட்டும்தான்.

ஏழாவது சட்டை அவர் கடைசியாகக் கழற்றிப் போட்டது. துவைக்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் விசிறி மாதிரி நான்கைந்து மடிப்புகள் இருந்தன. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன. வியர்வை ஈரமும் உடற்சூடும் அவற்றைத் தளர்த்தும். கை மடிந்தபடியே துணி காய்ந்தால், அந்த மடிப்பிலேயே மறுபடி பிணைந்துகொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்த முழங்கையின் கோணம் அப்படியே நின்றிருந்தது. ஜவுளி வேதியியல் படித்தவர்கள் இதில் நுணுக்கம் சேர்க்கலாம், சண்டைக்கு வரவேண்டாம். அப்பாவின் சாவைக் காட்சிக்கு வைக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று: அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். ஓவியங்களோடு மாட்டாமல் 'கைவினைப் பொருட்கள்' மேசையில், மிதியடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு, ஏற்பாட்டாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுவிட்டார். மடிப்பை உண்டாக்கிய அதே ஈரமும் சூடும்தான், இரண்டே நிமிடத்தில் எல்லாம் தட்டை. "இப்போது பளிச்சென்று இருக்கிறது பாருங்கள்" என்றார். ஓவியத்தின் மேல் ஈரத்துணி போட்டுத் துடைப்பாரா? கேட்க வாய் வரவில்லை.

இதைவிட எரிச்சல் உறவினர்கள். ஆண்பிள்ளை ஊசி பிடிக்கிறானே என்று முதலில் சிரித்தவர்கள், இப்போது ஜிப் போன கால்சட்டையோடு வருகிறார்கள். "உனக்குத்தான் தைக்கத் தெரியுமே" என்கிறார்கள். எனக்கு ஜிப் தைக்கத் தெரியாது.

கேள்விக்கு வருகிறேன். என் சட்டைக் கதை போதாதென்றால் ஜேனட் எக்கல்மேனைப் பாருங்கள். ஓவியம் வரைவதற்காக 1997-ல் இந்தியா வந்த அமெரிக்கர். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. மாமல்லபுரத்தில் மீனவர்களின் வலைக்குவியலைப் பார்த்து, வலையிலேயே சிற்பம் செய்யத் தொடங்கினார். 2010 பிப்ரவரியில் சிலியில் 8.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதனால் பூமியின் ஒரு நாள் 1.26 மைக்ரோ விநாடி குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த எண்ணையே பெயராக வைத்து, அதையொட்டி எழுந்த சுனாமியின் தரவுகளிலிருந்து வடிவமெடுத்த வலை ஒன்றை அதே ஆண்டு டென்வர் நகரில் வானத்தில் கட்டினார். நிலநடுக்கத்தின் தடம் வலையின் வடிவத்தில் இருந்தது. அதை ஆட்டிவைத்தது அன்றன்றைய காற்று. நினைவுப் பக்கத்துக்குப் பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷுவா இருக்கிறார். சுவரில் தொங்கவிடும் பழைய சித்திர நெசவுத் துணிகளைச் செப்பனிடும் பட்டறையில் வளர்ந்தவர், முதுமையில் தன் சொந்த உடைகளையே வெட்டிச் சிற்பமாக்கினார்.

என் துணி இப்போது வீட்டில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. முழங்கை மடிப்பு போனது போனதுதான். பெல்ட் பட்டையை இஸ்திரிப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பதைத் துவைக்கும் முன், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒருமுறை விரித்துப் பாருங்கள்.