தாடி ஓணானுக்கு விளையாட்டுச் சாமான் தேவையா?

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். பதினொரு வயது மகனின் ஆசைக்காக, இரண்டு வயதான பியர்டட் டிராகன் ஒன்றை வளர்க்கிறோம். பெயர் வீரன். இரண்டு வாரங்களாகக் கண்ணாடிப் பெட்டியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. தீனியிலும் நாட்டம் குறைந்துவிட்டது. அதற்குச் சலிப்பு என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, மணி வைத்த பந்து, வலைத்தொட்டில், ‘செரிக்கக்கூடிய’ சிவப்பு மணல் ஆகியவற்றைக் கொடுத்தார். துணைக்கு இன்னொன்றை விட்டால் சரியாகிவிடும் என்கிறார் இணையத்தில் விற்பவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: முகம் பார்க்கும் கண்ணாடியை இன்றே எடுத்துவிடுங்கள். இன்னொன்றை வாங்கவே வாங்காதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

பியர்டட் டிராகனைத் தமிழில் தாடி ஓணான் என்று சொல்லிவிடலாம். நம்மூர் வேலிகளில் தலையாட்டும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் தனியாக வாழ்ந்து பழகிய பிராணி. அதற்கு அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையில், கம்பிக் கதவைத் தள்ளித் திறக்கும் ஓர் ஓணானைப் பார்த்து மற்றவையும் அவ்வாறே திறக்கக் கற்றுக்கொண்டன. 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆனால், கற்கும் திறன் இருப்பதாலேயே அது நாய்க்குட்டியைப் போலப் பந்தை உருட்டி மகிழும் என்று பொருளாகாது. வெயில் காய்வது, ஏறுவது, தோண்டுவது, இரையைத் துரத்துவது ஆகியவையே அதன் பொழுதுபோக்கு. இவற்றுக்கு வழியில்லாத பெட்டியில் எத்தனை சாமான்களை நிரப்பினாலும் பயனில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியில் அது காண்பது தன்னை அன்று. தன் இடத்துக்குள் புகுந்துவிட்ட, எவ்வளவு மிரட்டினாலும் விலகாத ஓர் எதிரியை. தாடி கறுத்து உப்புவதையும் தலை வேகமாக ஆடுவதையும் ‘விளையாடுகிறது’ என்று படம் பிடிப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பெட்டியின் சுவரே மாலையில், உள்ளே வெளிச்சமும் அறையில் இருட்டுமாக இருக்கும்போது, இதே வேலையைச் செய்யும் என்பதால், மூன்று பக்கங்களில் வெளிப்புறமாகப் பழுப்புத்தாளை ஒட்டிவிடுங்கள். செலவு இரண்டு டாலர்கூட ஆகாது. அதனால்தானோ என்னவோ எந்தக் கடையிலும் இதைச் சொல்வதில்லை.

துணை என்ற பேச்சு இதைவிட மோசம். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் படத்தைக் காட்டி ‘அன்பு’ என்பார்கள். மேலே இருப்பது விளக்கின் வெப்பத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. கீழே இருப்பது நாளடைவில் மெலியும். வால்நுனியையும் விரல்களையும் கடியில் இழந்து என் சிகிச்சை மேசைக்கு வரும். அந்த விற்பனையாளரிடம் உரிம எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவற்றை வளர்ப்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். வாங்கியதைப் பதிவும் செய்ய வேண்டும். கேட்டதும் பதிலே வராது என்பது என் அனுபவம். பெட்டியின் அளவு முதற்கொண்டு சொல்லும் விதிநூல் ஒன்றும் அரசிடம் இருக்கிறது. ஆனால் அளவுநாடாவோடு வீடு தேடி வந்த அதிகாரி எவரையும் நான் கண்டதில்லை. இணையத்தில் உரிமக் கட்டணம் போய்ச் சேர்ந்தால் கடமை முடிந்தது போலிருக்கிறது.

‘செரிக்கக்கூடிய’ மணல் எந்த வயிற்றில் செரித்தது என்று அட்டையில் எழுதியிருக்காது. தீனியோடு உள்ளே போகும் மணல் குடலில் கெட்டிப்படுவதை எக்ஸ்ரேயில் வெள்ளைக் கட்டியாகப் பார்த்திருக்கிறேன். வலைத்தொட்டிலின் நைலான் இழையில் நகம் சிக்கினால் விரல் போய்விடும். நெருக்கமாக நெய்த துணியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பந்திலுள்ள மணியைக் கழற்றி எறியுங்கள்.

சாமான்களுக்கு முன் பார்க்க வேண்டியது விளக்கு. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸும், பெட்டியின் மறுகோடி 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டித் தரும் வட்ட வெப்பமானியை நம்பாமல், கம்பி முனையுள்ள டிஜிட்டல் மானியால் அளந்து பாருங்கள். புற ஊதா விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும், அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும் என்பதால், வாங்கிய தேதியை அதன் முனையிலேயே எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். விளக்குக்கும் ஓணானுக்கும் நடுவே கண்ணாடித் தகடு இருந்தால் அந்தக் கதிர் வந்து சேரவே சேராது.

அதன் பிறகு, மகன் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. உடலின் பருமனுக்கு நிகரான கிளையைச் சாய்த்து வைக்கட்டும். கொத்தமல்லித் தழையைத் துணிக்கிளிப்பில் மாட்டிக் கிளையில் தொங்கவிட்டால், எட்டிப் பிய்த்துத் தின்னும். கிரிக்கெட் பூச்சிகளைத் தட்டில் கொட்டாமல், அட்டைக் குழாய்க்குள் விட்டு, ஒவ்வொன்றாக வெளியே வரும்படி வைக்கட்டும். பூச்சி, ஓணானின் இரு கண்களுக்கு இடையேயுள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மிஞ்சியவற்றை இரவுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அவை தூங்கும் ஓணானைக் கடிக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இவற்றிடம் சாதாரணம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வீரன் உண்மையில் வீரன்தானா? இப்போது வசந்தம் பிறந்திருக்கிறது, இவை முட்டையிடும் பருவம். இரண்டு வயது, பிறாண்டல், தீனி குறைவு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் ஐயம் இதுதான். கைவிளக்கின் வெளிச்சத்தில், வாலை முதுகுப்பக்கமாக மெல்லச் சற்றே உயர்த்தி, அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் புடைத்து நடுவில் பள்ளம் இருந்தால் ஆண். நடுவில் ஒரே மேடாகவோ தட்டையாகவோ இருந்தால் பெண். ஆணே இல்லாமலும் பெண் ஓணான் முட்டையிடும். அவை பொரியாது, ஆனால் வெளியே வந்தாக வேண்டும். முட்டையிட இடம் கிடைக்காதபோது மூலை மூலையாகத் தோண்டும், கண்ணாடியைப் பிறாண்டும். அதைச் சலிப்பு என்று எண்ணிப் பந்து வாங்கிக் கொடுத்தவர்கள் ஏராளம். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் அறுவைச் சிகிச்சைவரை போகும், உயிருக்கும் ஆபத்து.

பெண்ணாக இருந்தால், ஓர் ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில், கழுவிய விளையாட்டு மணலையும் தோட்டமண்ணையும் கலந்து, 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். விரலால் குழி தோண்டினால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம் போதும். மணல் ஆகாது என்று சற்றுமுன் சொன்னேனே என்று கேட்பீர்கள். இது தீனி வைக்கும் இடம் அன்று, தீனி முடிந்தபின் அதை இறக்கிவிடும் தனித்தொட்டி. பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒரு துணியால் மூடிவிட்டு விலகுங்கள். சில நாள் தோண்டியும் இடாமலிருந்தாலோ, கால்கள் துவண்டாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள். ஆண் என்று தெரிந்து, விளக்கைச் சரிசெய்து, தாளும் ஒட்டியபிறகு ஒரு வாரத்தில் பிறாண்டல் நிற்காவிட்டாலும் அதேதான். போகும்போது புதிய எச்சம் சிறிதளவும், பெட்டியின் ஒளிப்படமும், விளக்கு வந்த அட்டைப்பெட்டியும் கையில் இருக்கட்டும்.