வாசகர் கேள்வி–பதில்: நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடமுள்ள தெரு

கேள்வி: கும்பகோணத்தில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் வசிக்கிறோம். நடைபாதை இருந்தும் அதன்மீது மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிடுகிறார்கள். என் மாமியார் சாலையைக் கடக்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சாலையை அகலப்படுத்தினால் இந்த நெருக்கடி தீருமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தீராது, அம்மா. அகலமும் நேர்த்தியும் கூடிய சாலையில் வண்டிகளின் வேகம் தானாகவே ஏறும். கடக்க வேண்டிய தூரமும் நீளும். உங்கள் மாமியாரின் அச்சத்துக்குக் காரணம் கூட்டத்தைவிட வேகம்தான் என்பது என் உறுதியான கருத்து. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், எதிரே ஆளைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்கு உலர்ந்த சாலையில் சுமார் 13 மீட்டர் போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் வேண்டும், ஐப்பசி மழையில் நனைந்த தார்ச்சாலையில் இன்னும் கூடுதலாக வேண்டும். நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு வலியுறுத்தியது இதனால்தான்.

அறிவிப்புப் பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது; தெருவின் அமைப்பே குறைக்க வேண்டும். முனைகளில் வண்டி திரும்பும் வளைவை இறுக்கலாம். மக்கள் கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கலாம். அகலமான சாலையின் நடுவே நின்று பார்த்துக் கடக்க ஒரு திட்டு அமைக்கலாம். வேகத்தடை போடுவதென்றால், சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி, சுமார் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி போட வேண்டும். ஒரே இரவில் கொட்டி, வெள்ளைக் கோடும் அடிக்காமல் விட்டுச் செல்லும் கூரான மேடுகள் சைக்கிளில் வருபவரைத்தான் முதலில் கவிழ்க்கின்றன. தேரோடும் வீதிகளில் நிரந்தரத் தடுப்புகள் ஆகாது என்பதால், அங்கே தேர்த் திருவிழாவின்போது கழற்றி எடுக்கக்கூடிய கம்பங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது அதே அமைப்பின் வழிகாட்டி. நம் ஊர்களில் சாக்கடையின் மூடியே நடைபாதையாக இருக்கிறது. ஒரு பலகை உடைந்திருந்தாலும், ஒரு வீட்டின் சாய்தளம் குறுக்கே நீண்டிருந்தாலும், நடப்பவர் சாலைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே அழகான ஓடுகளைவிட இடைவெளி இல்லாத தொடர்ச்சியே முக்கியம். அங்கிருந்து முதலில் அகல வேண்டியவை நிறுத்தப்பட்ட வண்டிகள். பூக்கட்டும் அம்மாவையும் கீரைக்காரரையும் விரட்டக் கேட்காதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கென இடம் ஒதுக்கச் சொல்கிறது, அவர்கள் இருக்கும் தெருவில் இருட்டிய பிறகும் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்கான சாலைப் பணிகள் முடிவாகும் முன்பே இவற்றைக் கேட்பது நல்லது.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் என் மகளுக்கு அரசின் விலையில்லா சைக்கிள் கிடைத்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஆற்றுப்பாலமும் பேருந்துகள் ஓடும் பெரிய சாலையும் இருப்பதால் அனுப்பத் தயங்குகிறேன். சைக்கிளுக்கெனத் தனிப் பாதை வேண்டாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஊருக்குள் வேகம் 30-க்குள் அடங்கினால் தனிப் பாதை அவசியமில்லை. பேருந்தும் நெல் லாரியும் விரையும் சாலையில் கட்டாயம் வேண்டும்; அங்கே தரையில் அடித்த வண்ணக் கோடு யாரையும் காக்காது, மேடையாக உயர்த்திய அல்லது தடுப்பால் பிரித்த பாதையே காக்கும். டெல்டாவுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையோரம் காயப்போடுவதால் சைக்கிள்கள் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகின்றன. விவசாயிக்கு வேறு வழியில்லாததால், கொள்முதல் நிலையங்களுக்கு அருகே போதிய உலர்களங்களைக் கேட்பது சாலைப் பாதுகாப்புக் கோரிக்கையே ஆகும். குறுகிய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் கட்டும்போது, பழையது உறுதியாக இருந்தால், அதை இடிக்காமல் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடச் சொல்லுங்கள். மகளின் சைக்கிளில் பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டையும் முன்னால் விளக்கும் பொருத்துங்கள். ஆனால் பாதுகாப்பின் பொறுப்பு முழுவதையும் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமாகாது.

கேள்வி: இதையெல்லாம் யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: சாலை யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். உட்தெருக்கள் நகராட்சி அல்லது மாநகராட்சிக்கு உரியவை. ஊரை ஊடுருவும் பெரிய சாலைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையிடம் இருப்பதால், தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றும். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபாவில் பேசுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு நகல் அனுப்புங்கள். தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதையும், பாதுகாப்பு விதிகளை மீறிச் சாலை அமைக்கும் ஒப்பந்ததாரருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு அபராதம் விதிப்பதையும் மனுவில் எழுதுங்கள். எந்த இடம், எந்த நேரத்தில் ஆபத்து, நடைபாதை எத்தனை அடி எஞ்சியிருக்கிறது என்பதை டேப் வைத்து அளந்து, புகைப்படத்துடன் இணைத்தால், பொறியாளர் நேரில் வந்து பார்க்கும் வாய்ப்பு கூடும்.